ஊசி காட்டும் பெட்டியும் என் இடது கன்னமும்

அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கியே என் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்துபோயிற்று. சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். தோளைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுவேன். இடது கன்னத்தில் இருக்கும் அரிசியளவுத் தழும்பைப் பற்றிக் கேட்பவர்களிடம் மட்டும் மாமரத்திலிருந்து விழுந்தேன் என்று இத்தனை காலமாகச் சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு மரமேறவே தெரியாது. இரண்டும் ஒரே கதைதான் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருவதற்கு முந்தைய வருடம். மருத்துவக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் ஒரு சிங்கப்பூர்க் கம்பெனியில் எனக்கு விற்பனையாளர் வேலை கிடைத்தது. மூன்று மாதம் சோதனைக் காலம். கழுத்துப் பட்டி இரண்டு வாங்கிக்கொண்டேன். முதலாளி என்னை உட்காரவைத்து, ஒரு பச்சைப் பெட்டியைக் காட்டி, கையால் வடக்கே எங்கேயோ சுட்டி, "மலாக்கா உன்னோடது" என்றார். மலாக்காவை நிறுவிய ராஜா பரமேஸ்வரனுக்கே அவ்வளவு சுலபமாக அந்த ஊர் கிடைத்திருக்காது.

பெட்டி பார்ப்பதற்கு ரேடியோ. முகப்பில் முள் ஆடும் வட்டம், அதன் கீழே ஒலிபெருக்கி, பக்கவாட்டில் நீண்ட வயர், வயரின் முனையில் பேனா அளவுக்கு ஒரு கோல். கோல் உலோகத்தை நெருங்கினால் பெட்டி முனகும். இன்னும் நெருங்கினால் கூவும். தொடும் தூரத்துக்கு வந்துவிட்டால் ஊரையே கூட்டும். உடம்புக்குள் ஊசியோ குண்டுத் துண்டோ புகுந்துகொண்டால், அறுவை செய்கிற டாக்டர் கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று இது வழி சொல்லும். எக்ஸ்ரே படம் எடுத்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். படம் தட்டை, கை தட்டையல்ல. சதையைத் திறந்ததும் ஊசி நழுவி இடம் மாறிவிடும், படமோ பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பதிலை நான் தூக்கத்திலும் சொல்லுவேன்.

முதலாளியின் கணக்கு எளிமையானது. சண்டை நடந்த நாடு, எத்தனை பேர் உடம்பில் எத்தனை இரும்போ. சுதந்திரம் வேறு வருகிறது. புது நாடு என்றால் புது ஆஸ்பத்திரிகள், ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி. நானும் நம்பினேன். என் வயதும் அப்படி, கழுத்துப் பட்டியும் புதிது.

செங் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனேன். அங்கே ஜெனரேட்டரை மாலை ஆறு மணிக்குத்தான் ஓட்டுவார்கள். தோட்டத்தில் யாருக்கும் ஆறு மணிக்கு மேல் எதுவும் குத்துவதில்லை. புக்கிட் ரம்பாயில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸர் என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு லாடக் காந்தத்தை எடுத்து முன்னால் வைத்தார். "இதுக்கு கரண்டு வேணாம் தம்பி. கோளாறும் ஆவாது" என்றார். காந்தத்தால் சதைக்குள் இருக்கும் ஊசியை இழுக்க முடியாது என்று நான் விளக்கினேன். "இதுவரைக்கும் யாருமே குறை சொல்லல" என்றார் அவர். மழைக்காலம் வந்ததும் பெட்டிக்குள் ஈரம் இறங்கி, வால்வுகள் சளி பிடித்த குரலில் பேசின. டவுனில் இருந்த பெரிய டாக்டர்களோ வேறு ரகம். தனக்கு வழி தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் டாக்டரை நான் அன்றுவரை பார்த்ததில்லை. வழி தெரிந்தவருக்கு எதற்கு வழிகாட்டி?

குருபோங்கில் மட்டும் ஒரு வெற்றி. ஒரு வீட்டம்மாவின் தோடு கோழிக் கொட்டகையில் தொலைந்துவிட்டது. பெட்டியைக் கண்டதும் கூப்பிட்டார்கள். அண்டை வீட்டிலிருந்து கரண்டு இழுத்து, அரை மணி நேரத்தில் எச்சத்துக்குள் இருந்த தோட்டை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் கிணற்றில் விழுந்த சாவி, அதற்கு மறுநாள் மோதிரம், பிறகு ஒருவர் தன் தாத்தா புதைத்துவைத்த பானை என்று வரிசை நின்றது. பெட்டிக்குச் சந்தை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான். இதை முதலாளிக்குக் கடிதத்தில் எழுதினேன். அவருக்கு நகைச்சுவை பிடிக்காது என்று பதிலில் தெரிந்துகொண்டேன்.

நான் தங்கியிருந்தது காஜா பேராங்கில், பல தலைமுறைக்கு முன்பே குடியேறிவிட்ட ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்தின் வீட்டு முன்னறையில். வீட்டுக்காரர் மனைவியை இழந்தவர், சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய திருநீறு, சாமிக்கு என்னைவிட ஒழுங்காகப் பூசை. வாயைத் திறந்தால் மலாய். அவருக்கு ஒரு மகள். இருபத்திரண்டு வயது, கெபாயா என்னும் மலாய் மேற்சட்டை தைப்பதில் கெட்டிக்காரி. கல்யாணச் சீசனில் டவுனிலிருந்து காரில் வந்து அவளிடம் துணி கொடுத்துவிட்டுப் போவார்கள். அவளுக்குத் தெரிந்த தமிழ் இருபது சொல் இருக்கும். முக்கால்வாசி கோயிலில் கற்றவை. அத்தனையையும் என்னைக் கிண்டல் செய்யப் பயன்படுத்தினாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த முதல் சொல் பெட்டி. மலாயிலும் அது பெட்டிதான். அதனால் அவள் எனக்குப் பெட்டிக்காரர் என்றே பேர் வைத்துவிட்டாள். அவள் பேசியது எல்லாம் மலாய், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவளைப் பற்றி இரண்டு விஷயங்களை அப்போதே கவனித்தேன். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு துணிக்கொடி குறுக்கே போகும். எல்லாரும் குனிந்து அடியில் நுழைந்து போவார்கள். அவள் மட்டும் கிணற்றைச் சுற்றிக்கொண்டு நெடுவழியாக வருவாள். இரண்டாவது, குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தே இறைச்சி சாப்பிட்டால் குச்சியை வாயில் வைக்க மாட்டாள். முள்கரண்டியால் இறைச்சியைத் தட்டில் தள்ளி, ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிடுவாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஊசியைத் தேடி விற்கிறவனுக்கு இருந்த கண் அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம் பிறந்ததும் முதலாளியின் கடிதம் வந்தது. மாதம் முடிவதற்குள் ஒரு ஆர்டராவது வர வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியை மட்டும் அனுப்பினால் போதும், நான் வர வேண்டியதில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"பெட்டியிலே ஒன்றும் குறையில்லை. உங்க மூஞ்சிதான் சரியில்லை."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"வாங்கினா வாங்கு, வாங்காட்டிப் போ என்கிற மாதிரி இருக்கு. புக்கிட் ரம்பாய் ரோட்டிலே மாக் அண்டாம் இருக்காங்க, போய்ப் பாருங்க. சுசுக் வைப்பாங்க."

மாக் அண்டாம் என்பது கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யும் மலாய்க்காரம்மா. சுசுக் என்பது மெல்லிய தங்க ஊசி. மந்திரம் சொல்லி அதை முகத்துச் சதைக்குள் இறக்கிவிடுவார்கள். பார்ப்பவர்கள் மயங்குவார்கள், கேட்பவர்கள் இளகுவார்கள் என்று நம்பிக்கை. பாடகிகள் வைத்துக்கொள்வார்கள், சில கடைக்காரர்களும் வைத்துக்கொள்வார்கள், வைத்துக்கொண்டதை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன், விஞ்ஞானக் கருவி விற்பவன், இதையெல்லாம் நம்புவேனா என்று அவளிடம் பத்து நிமிடம் பேசினேன். மறுநாள் காலை பஸ்ஸில் புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். வாசலில் கொய்யா மரம், பக்கத்தில் நீலத் தொட்டி, அதைத் தாண்டி இரண்டாவது படியில் உடைசல் என்று அவள் சொன்ன அடையாளம் ஒன்றுகூடப் பிசகவில்லை.

மாக் அண்டாம் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சற்று நேரம் யோசித்தார். வேலை அதிகம் என்று அந்த யோசனைக்கு அர்த்தம். பிறகு மீசை மயிர் கனத்தில், ஓர் அரிசி நீளத்தில் இருந்த தங்கத்தை ஓதி ஊதி என் இடது கன்னத்தில் இறக்கினார். வலிக்கவே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஊசி சதையில் கரைந்து வெறும் ஒளியாகிவிடும் என்றார். மூன்று விலக்கு சொன்னார்: துணிக்கொடிக்கு அடியில் போகக் கூடாது, குச்சியில் இருக்கும் இறைச்சியை வாயால் இழுக்கக் கூடாது, பீசாங் எமாஸ் வாழைப்பழம் தின்னக் கூடாது. மீறினால் சுசுக் செத்துவிடும்.

கொடிக்கு அடியில் போகாமல் காஜா பேராங்கில் ஒரு மனிதன் வேலைக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று முயன்று பாருங்கள். இடது கையில் கைப்பை, வலது கையில் பெட்டி, ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்தையும் சுற்றிக்கொண்டு போனேன். கோழிகள் என்னைப் பழகிக்கொண்டன. ஒரு பெரியவர் என்னைச் சர்வே எடுக்க வந்த ஆள் என்று நினைத்துத் தன் வேலியைப் பற்றி முறையிட்டார். அவள் ஜன்னல் வழியே இதைப் பார்த்து மெஷினில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் முழுதும் எல்லாரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். பெட்டியைப் போட்டுக் காட்டச் சொல்லித்தான் ஒருவரும் கேட்கவில்லை. சுசுக் வேலை செய்கிறது என்று நான் நம்பியதற்கு அதுதான் சாட்சி.

வார இறுதியில் அது நடந்தது. கல்யாணத் துணி ஒன்றை மேசையில் விரித்து, சுருக்கத்தை நீக்க வலது உள்ளங்கையால் அழுத்தித் தடவியிருக்கிறாள். துணியில் மறந்துபோன கை ஊசி ஒன்று செங்குத்தாக நின்றிருந்தது. கட்டைவிரலின் அடிச்சதையில் இறங்கி, உள்ளேயே ஒடிந்துவிட்டது. வெளியே வந்தது ஊசிக் காதுப் பக்கம் மட்டும். அவள் அழவில்லை. ஒடிந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபாதி எங்கே என்று துணியில் தேடிக்கொண்டிருந்தாள்.

டவுனில் ஒரு தனியார் கிளினிக். அதை நடத்தியவர் ஒரு தமிழ் டாக்டர், பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி, வாயைத் திறந்தால் எகத்தாளம். முதல் மாதமே என்னை வாசலோடு திருப்பி அனுப்பியவர். வீட்டுக்காரருக்குப் பழக்கம் என்பதால் அவரிடமே போனோம். படம் எடுத்து வரச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசித் துண்டு வெள்ளையாகப் படுத்திருந்தது.

"இருக்குது. ஆனா இடம்தான் மோசமான இடம்" என்றார் என்னிடம், தமிழில், அவளுக்குப் புரியக் கூடாது என்று. "கட்டவிரலை ஆட்டுற நரம்பு இங்கதான் போவுது. நான் தேடிக்கிட்டே போனா அது அறுந்தாலும் அறுந்துரும். அப்புறம் இந்தப் பிள்ளை ஊசியில நூல் கோக்க முடியாது. சும்மா விட்டா ஊசி நடக்கும், அதுவும் ஆபத்து."

அவளுக்குத் தெரிந்த இருபது சொல்லில் ஊசியும் நூலும் இருந்தன. தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதுவரை அந்தப் பெட்டி எனக்கு வேலை, சம்பளம், கழுத்துப் பட்டி. அன்றைக்குத்தான் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று எனக்கு உறைத்தது.

"டாக்டர், என் பெட்டிய ஒரு தடவை வச்சுப் பாருங்க."

"நான் சண்டைக் காலத்துல மெழுகுவத்தி வெளிச்சத்துல குண்டு எடுத்தவன் தம்பி."

"தெரியும் டாக்டர். இப்ப கரண்டு இருக்கு."

அவர் என்னை முறைத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். "நாளைக்கி காலையில கொண்டா. அது வழி காட்டி நான் ஊசிய எடுத்தேன்னா, அங்கனயே ஆர்டர்ல கையெழுத்துப் போடுறேன். போதுமா?"

மறுநாள் காலை பத்து மணி. அறுவை அறை சிறியது. அவள் மேசையில் படுத்திருந்தாள், வலது கை பக்கத்துப் பலகையில் நீட்டி வைக்கப்பட்டிருந்தது, மரத்துப்போகும் மருந்து போட்டாகிவிட்டது. ஒரு நர்ஸ், ஓர் உதவியாள். எனக்கும் ஒரு வெள்ளை அங்கி மாட்டிவிட்டார்கள், முழங்காலோடு நின்றது. பெட்டியைச் செருகினேன். முள் ஆடியது, மெல்லிய இரைச்சல் வந்தது.

"கத்தி வைக்கிறதுக்கு முன்னால உன் வித்தைய ஒரு தடவை காட்டு" என்றார் டாக்டர்.

வித்தை என் விரல் நுனியில் இருந்தது. மூன்று மாதமாக ஒரே வித்தைதான். முதலில் கோலை என் கன்னத்தில் வைப்பேன். "இது வெறும் சதை, பெட்டி பேசாது" என்பேன். பிறகு ஊசி செருகிய பப்பாளிப் பழத்தில் வைப்பேன், பெட்டி கூவும். கை தானாகவே உயர்ந்தது. இடது கன்னத்தில் கோலை வைத்து, "இது வெறும் சதை" என்று ஆரம்பித்தேன்.

பெட்டி கூவிற்று. நல்ல கூவல், தெரு வரைக்கும் போயிருக்கும். நான் கோலை எடுத்தேன், நின்றது. வைத்தேன், கூவிற்று. ஒளியாகிவிடும் என்றாரே என்று மாக் அண்டாமை மனதுக்குள் திட்டினேன். மேசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெறும் சதைக்கே கத்துது. இந்தப் பொய்யனை நம்பி நான் கத்திய வைக்கணுமா? வெளிய எடுத்துட்டுப் போ. நான் எப்பவும் பண்ற மாதிரியே தேடிக்கிறேன்."

கத்தியை எடுத்துவிட்டார். அவளுடைய சிரிப்பு நின்றது. தேடுவது என்றால் என்ன என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் விரல் போகும். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தும், வாயைத் திறக்க எனக்கு மூன்று மூச்சு பிடித்தது. இன்றைக்கும் அந்த மூன்று மூச்சை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"டாக்டர், பெட்டி பொய் சொல்லல. என் கன்னத்துல சுசுக் இருக்கு."

நர்ஸ் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் தோள்கள் ஆடின. டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என்னிடம் வந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கழுத்துல டை, கன்னத்துல சுசுக். சரி, உக்காரு."

"எதுக்கு டாக்டர்?"

"பொய்யா நெசமான்னு பாத்துருவோம். அஞ்சு நிமிசம்."

அப்படித்தான் பெட்டியின் முதல் நோயாளி நான் ஆனேன். கோலைக் கன்னத்தின் மேல் மேலும் கீழும் நகர்த்தினார். கூவல் உச்சத்துக்குப் போன இடத்தில் ஊதா மருந்தால் ஒரு கோடு. குறுக்காக நகர்த்தினார், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட புள்ளியில் ஊசி போட்டு மரக்கவைத்து, சின்னதாகக் கீறினார். பீங்கான் கிண்ணத்தில் ஏதோ விழுந்து கிணுக்கென்றது. ஒரு கோப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கன்னத்தில் மறுபடி கோலை வைத்தார். பெட்டி பேசவில்லை.

அந்த மனிதரின் முகம் மாறியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். எகத்தாளம் எங்கோ போய்விட்டது. கையை மறுபடி கழுவிக்கொண்டு, புதுக் கையுறை மாட்டி, கோலுக்கும் ஒரு சுத்தமான ரப்பர் உறை போட்டு, அவளிடம் போனார். கோடு, குறுக்குக் கோடு, கீறல். சதை திறந்ததும் படம் காட்டிய இடத்தில் ஊசி இல்லை. பெட்டி வேறு இடத்தைச் சொன்னது, ஒரு நெல் தூரம் தள்ளி. கோலின் பின்னாலேயே இடுக்கியை விட்டார். ஊசித் துண்டு கறுத்து வெளியே வந்தது. நரம்பைத் தொடவே இல்லை.

"ஆட்டு பாப்போம்" என்றார் மலாயில். அவள் கட்டைவிரலை மடக்கினாள், நிமிர்த்தினாள், ஒவ்வொரு விரலின் நுனியையும் அதால் தொட்டாள். பிறகு ஒரு நூலை முறுக்குவது போல விரல் நுனிகளை உருட்டிப் பார்த்தாள். நான் பஞ்சைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அழுதேன். நர்ஸ் அது வலி என்று நினைத்து இன்னொரு பஞ்சு கொடுத்தார்.

அதோடு நின்றிருந்தால் நான் ஒரு பெட்டி விற்ற ஆளாக இருந்திருப்பேன். கட்டுப் போட்டு முடித்த டாக்டருக்குக் கோலைக் கீழே வைக்க மனம் வரவில்லை. உதவியாளின் இடுப்பில் வைத்தார், சாவிக்கொத்து கூவிற்று. நர்ஸின் கொண்டையில் வைத்தார், ஊசிகள் கூவின. "எங்க எங்க எவ்வளவு இரும்ப வச்சிருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளைக்கு வேற எங்கயாவது ஊசி இருக்கான்னு பாத்துருவோம்" என்று கோலைத் தோளிலிருந்து கழுத்துக்கு நகர்த்தினார்.

அவளுடைய இடது கை போர்வையை மெல்ல மோவாய் வரைக்கும் இழுத்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

கிணற்றைச் சுற்றி வரும் நெடுவழி. சாத்தேயைத் தள்ளும் முள்கரண்டி. கொய்யா மரம், நீலத் தொட்டி, உடைந்த இரண்டாவது படி. ஒரு நொடியில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்தக் கோல் இன்னும் நான்கு விரல் மேலே போனால் டவுன் முழுக்க அவளைப் பற்றிப் பேசும். அது ஒரு பயம். இன்னொரு பயமும் இருந்தது, அது என்னுடையது. மாலையானால் என் கால் ஏன் காஜா பேராங் பக்கம் வேகமாக நடக்கிறது, தையல் மெஷின் சத்தம் கேட்டால் ஏன் களைப்பு போகிறது என்பதற்கெல்லாம் அந்தப் பெட்டி இப்போது விடை சொல்லிவிடும். எனக்கு அந்த விடை வேண்டியிருக்கவில்லை.

என் கால் தரையில் கிடந்த கரண்டு வயரை இழுத்தது. செருகு கழன்றது. பெட்டி மூச்சை விட்டு அடங்கிற்று.

"என்னா ஆச்சு?" என்றார் டாக்டர்.

"வால்வு போச்சு டாக்டர்."

அவர் தட்டிப் பார்த்தார். முள் படுத்தே கிடந்தது. சின்னப் பிள்ளையிடமிருந்து மிட்டாயைப் பிடுங்கியது போல முகம் வாடிப்போயிற்று. பிறகு பழைய டாக்டர் திரும்பி வந்தார். "பாதி வெட்டுல இப்படி ஊமையாப் போச்சுன்னா நான் என்னா பண்றது? நல்ல சாமான்தான். ஆனா நம்ப முடியாத சாமான். எனக்கு வேணாம் தம்பி." நான் செருகைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "சரிங்க டாக்டர்" என்றேன்.

திரும்பி வரும்போது அவள் வலது கையில் கட்டு, என் இடது கன்னத்தில் கட்டு. இருவரும் எங்கள் சந்துக்குள் நுழைந்தோம். கொடி வந்தது. இனி எனக்கு விலக்கு எதுவும் இல்லை. குனிந்து அடியில் நுழைந்து மறுபக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். நான் பெட்டியோடு திரும்ப நுழைந்து வந்து அவளோடு சுற்றுவழியில் நடந்தேன்.

மாதக் கடைசியில் பெட்டி மட்டும் சிங்கப்பூருக்குப் போயிற்று. நான் டவுனில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் சேர்ந்தேன். அங்கே பருப்பின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெர்டேக்கா வந்த மறு வருடம் எங்கள் கல்யாணம். அவளுக்கு அலங்காரம் செய்ய வந்தவர் மாக் அண்டாம்தான். என் தழும்பைப் பார்த்ததும் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "ஆர்டரில் கையெழுத்து விழுவதற்குள் எடுத்துவிட்டாய். நான் என்ன செய்ய முடியும்?" என்று கோபித்துக்கொண்டார். டாக்டரும் வந்திருந்தார். எங்களுக்கு ஒரு டப்பா நிறைய தையல் ஊசி பரிசளித்தார், எண்ணி வைத்துக்கொள்ளும்படி சொன்னார்.

இப்போது எங்கள் இருவருக்கும் தலை முழுக்க வெள்ளை. போன வருடம் அவளுக்கு முழங்கால் மாற்ற வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கணினி வழிகாட்டும் அறுவை என்றார்கள். திரையில் எலும்பு தெரியுமாம், எங்கே வெட்டுவது என்று அதுவே கோடு போட்டுக் காட்டுமாம். சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை வராந்தாவில் ஒருவர் தள்ளிக்கொண்டு போனார், கழுத்தில் பட்டி. கம்பெனி ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். தோள் இரண்டும் சமமாக இருந்தன, பாக்கியவான்.

"வியாபாரம் எப்படித் தம்பி?" என்று கேட்டேன்.

"வளருது அங்கிள். ஆனா வெல கூட. பழக்கிவிட ஆள் வேணும். பெரிய டாக்டருங்க சில பேரு, எங்களுக்கு வழி தெரியாதாங்கிறாங்க."

அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றிற்று. முதலாளி உயிரோடு இருந்திருந்தால் கடிதம் போட்டிருப்பேன்.

அறைக்குள் நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு அவளிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை உண்டா, ஒவ்வாமை உண்டா, இதற்கு முன் அறுவை நடந்ததா. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் அவளை முந்திக்கொண்டு பதில் சொன்னேன். நர்ஸ் பக்கத்தைத் திருப்பினார்.

"ஒடம்புல எங்கயாவது உலோகம் ஏதும் இருக்குங்களா பாட்டி? முகம், பல்லு, எங்கயாவது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். அன்று அறுவை மேசையில் படுத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. இத்தனை வருடத்தில் அவள் தமிழ் இருபது சொல்லைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

"நீங்க கொஞ்சம் வெளிய போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்து, கதவை நன்றாகச் சாத்தினேன். கோப்பிக் கடை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு கோப்பை போதும்தான். இரண்டாவதும் சொல்லி, ஆறவைத்துக் குடித்தேன்.